ஓடும் வண்டியைப் படம் பிடிக்கக் கற்றோம்

லுணுகலையில் எமது பெண்கள் குழு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவது வழமை. தையல், வீட்டுத்தோட்டம், சேமிப்பு என்று பேசி முடித்த ஒரு நாளில், "அடுத்த மாதம் முதல் டிஜிட்டல் கமராவில் படம் எடுக்கப் பழகுவோம்" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "மிஸ், எங்களத்தான் எல்லாரும் படம் புடிச்சிட்டுப் போறாங்க. நாங்க யாரைப் புடிக்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

அந்தக் கேள்வி நியாயமானது. நிவாரணப் பொருள் வாங்கும்போதும், கூட்டங்களுக்குப் போகும்போதும், தற்காலிக வீட்டின் வாசலில் நிற்கும்போதும் இந்தப் பெண்கள் எத்தனையோ தடவை படம் எடுக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தப் படங்களில் ஒன்றுகூட அவர்களுடைய கைக்குத் திரும்பி வந்ததில்லை. கமராவுக்குப் பின்னால் நிற்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

வெளிநாட்டில் இருக்கும் ஒரு நண்பர் தாம் பாவித்த இரண்டு பழைய கமராக்களைத் தந்திருந்தார். ஒன்று நிக்கோன், மற்றது கெனன். இரண்டும் லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடியவை. அவற்றைக் கொண்டு எட்டுப் பெண்கள் பழகத் தொடங்கினோம்.

முதல் நாளே ஓர் அக்கா பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தார். அவருடைய குடும்பம் 1983 வன்செயலுக்குப் பின்னர் ஊவாத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியது. 2009 இல் கணவர் காணாமற்போனார். அதன் பிறகு அவர் பிள்ளையுடன் இங்குள்ள உறவினரிடம் திரும்பி வந்துவிட்டார். "மிஸ், இது கெட்டுப்போன படம். இதச் சரிபண்ண முடியுமா?" என்று கேட்டார். நான் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தேன். அன்று எதுவும் சொல்லவில்லை. முதலில் அவருக்கு ஒரு விடயத்தைப் பழக்க வேண்டியிருந்தது.

ஏன் மோட்டார் சைக்கிள்?

படம் எடுக்கப் பழகுவோர் பூவையும் மலையையும் எடுப்பார்கள். அவை அசையாமல் நிற்பவை. ஆனால் எமது பெண்களுக்கு வருமானம் தரக்கூடியவை அசையும் காட்சிகளே. பாடசாலை விளையாட்டுப் போட்டி, சித்திரைப் புத்தாண்டு விழாவின் சைக்கிள் ஓட்டம், கோயில் காவடி, கலியாண வீட்டு ஆட்டம் எல்லாமே ஓடிக்கொண்டிருப்பவை. இவற்றில் மிகக் கடினமானதை முதலில் பழகிவிட்டால் மற்றவை இலகுவாகிவிடும். மிகக் கடினமானது மோட்டார் சைக்கிள் பந்தயம்.

அது எமக்குத் தூரமான விடயமும் அல்ல. எமது பதுளை மாவட்டத்திலேயே தியத்தலாவையில் நரியாகந்த என்ற இடம் உண்டு. ஆங்கிலத்தில் ஃபொக்ஸ் ஹில் என்பார்கள். 'ஃபொக்ஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் வெள்ளைக் கற்களால் அந்த மலைச்சரிவில் நரி உருவம் ஒன்றை அமைத்ததால் வந்த பெயர் அது. அங்கே இராணுவக் கல்லூரியின் ஏற்பாட்டில் 1993 முதல் ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ் என்ற பந்தயம் நடத்தப்பட்டு வந்தது. மண் பாதையில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் ஓடும். புத்தாண்டுக் காலத்தில் நடப்பதால் சனம் குடும்பம் குடும்பமாகப் போகும்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தடவை அங்கே போயிருந்தேன். கையில் இரவல் கமரா. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிச் சில்லு, வெறும் புழுதி, வண்டி போய்விட்ட வெற்றுப் பாதை. ஓட்டுபவரின் முகம் ஒன்றிலும் இல்லை. ஒரு சில படங்களில் வண்டி தெளிவாக இருந்தது. ஆனால் அது யாரோ தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவைத்த வண்டி போலத் தெரிந்தது. அன்று பக்கத்தில் நின்ற ஒரு பத்திரிகைப் படப்பிடிப்பாளர் சொன்னது மட்டும் மனதில் நின்றது. "தங்கச்சி, வண்டிய நிறுத்தப் பாக்காதீங்க. நீங்க வண்டியோட போங்க."

ஒரு சின்னக் கணக்கு

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 16 மீற்றரும் 70 சென்ரிமீற்றரும் போகிறது. கமராவின் ஷட்டர் என்பது ஒரு கதவு. அது திறந்து மூடும் நேரத்துக்குள் வண்டி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவும் படத்தில் இழுபட்டுத் தெரியும்.

ஷட்டர் 1/60 செக்கன் திறந்திருந்தால் வண்டி 28 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். அதாவது ஒரு சாணுக்கும் மேல். படம் கலங்கிப்போகும். 1/1000 செக்கன் என்றால் வண்டி நகர்வது 2 சென்ரிமீற்றருக்கும் குறைவு. படம் தெளிவாக வரும்.

அப்படியானால் எப்போதும் 1/1000 இல் வைத்தால் போதுமே என்று எமது குழுவில் உடனே கேட்டார்கள். வண்டி மேட்டிலிருந்து பாய்ந்து அந்தரத்தில் நிற்கும் கணத்துக்கு அது சரி. கீழே நிலம் தெரிகிறது, சில்லு நிலத்தைத் தொடவில்லை, தெறித்த மண்கட்டிகள் காற்றில் நிற்கின்றன. பார்ப்பவருக்கு அது ஓடும் வண்டி என்று விளங்கிவிடும். ஆனால் சமதரையில் பக்கவாட்டில் ஓடும் வண்டியை 1/1000 இல் எடுத்தால் சில்லுக் கம்பிகள்கூட நின்றுபோய்த் தெரியலாம். வேகம் எல்லாம் போய்விடும்.

இதற்கான வழிதான் கமராவை வண்டியுடன் சேர்த்துத் திருப்புவது. படப்பிடிப்பாளர்கள் இதைப் பேனிங் என்பார்கள். ஷட்டரை 1/125 அல்லது 1/60 இல் மெதுவாக வைத்துக்கொண்டு, வண்டி வரும் வேகத்துக்கு நாமும் திரும்பினால், கமராவைப் பொறுத்தவரை வண்டி அசையவில்லை. அசைவது பின்னால் உள்ள மரமும் வேலியும்தான். ஆகவே வண்டியும் ஓட்டுபவரும் தெளிவாக இருப்பார்கள், பின்னணி கோடு கோடாக இழுபடும், சில்லுகள் சுழலும்.

கமராவை எப்படி வைப்பது?

எமது குழுவில் சுவரில் எழுதி ஒட்டிய குறிப்புகளை இங்கே தருகிறேன்.

முதலாவது, கமராவின் மேலுள்ள வட்டக் குமிழைப் பச்சை நிறத் தானியங்கி நிலையிலிருந்து மாற்ற வேண்டும். நிக்கோனில் 'எஸ்' என்ற எழுத்தும் கெனனில் 'டீ', 'வீ' என்ற இரண்டு எழுத்துகளும் இருக்கும். அதில் வைத்தால் ஷட்டர் வேகத்தை நாம் தீர்மானிக்கலாம்; மற்றதைக் கமரா பார்த்துக்கொள்ளும். பாய்ச்சலுக்கு 1/1000. பேனிங் பழகத் தொடங்கும்போது 1/125. கை படிந்த பிறகு 1/60.

இரண்டாவது, போக்கஸ். நிற்கும் பொருளுக்கான போக்கஸ் ஒரு தடவை பிடித்து நின்றுவிடும். வண்டி கிட்ட வரவர அதைத் தொடர்ந்து பிடிக்கும் நிலை ஒன்று உண்டு. கெனனில் அதன் பெயர் ஏஐ சேர்வோ, நிக்கோனில் ஏஎஃப்-சீ. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடியே வண்டியைத் தொடர வேண்டும். பழைய கமராவால் தொடர முடியவில்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. வண்டி கட்டாயம் கடக்கப்போகும் ஓரிடத்தைத் தெரிவுசெய்து, அங்குள்ள கல்லிலோ புல்லிலோ போக்கஸ் பிடித்து, லென்ஸின் பக்கத்திலுள்ள விசையைக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றிவிடுங்கள். வண்டி அந்த இடத்துக்கு வரும்போது அழுத்தினால் போதும்.

மூன்றாவது, தொடர்ந்து எடுக்கும் நிலை. ஒரு தடவை அழுத்திப் பிடித்தால் படங்கள் வரிசையாக விழும். ஆனால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் பழைய கமரா நிரம்பி நின்றுவிடும். முக்கியமான கணத்தில் மூன்று நான்கு படங்கள் போதும்.

நான்காவது, ஐ.எஸ்.ஓ. எமது மலைகளில் சித்திரை மாதத்தில் காலை வெயிலும் பின்னேர மழையும் மாறி மாறி வரும். வெயிலில் 200 போதும். மேகம் மூடினால் 800 அல்லது 1600 வரை கூட்டலாம். படத்தில் சிறு புள்ளிகள் தெரியும்தான். கலங்கிய முகத்தைவிடப் புள்ளி விழுந்த முகம் மேல்.

ஐந்தாவது, வெள்ளை வானம் பின்னால் இருந்தால் ஓட்டுபவர் கறுத்துப்போவார். கூட்டல், கழித்தல் அடையாளமுள்ள பொத்தானால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். புழுதி பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது.

கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்களும் பழகலாம். பலவற்றில் 'புரோ' என்ற நிலையில் ஷட்டர் வேகத்தை மாற்ற முடியும். தொலைபேசிக் கமரா படத்தை வரி வரியாகப் பதிவதால், வேகமாகப் போகும் வண்டியின் சில்லு சற்றுச் சரிந்த முட்டை போலத் தெரியலாம். அது உங்கள் பிழை அல்ல.

பசறை வீதி வளைவில்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கிச் செங்கலடிக்குப் போகும் பாதை எமது ஊருக்குள்ளால் ஓடுகிறது. அதில் ஒரு வளைவுக்கு மேலே, பாதையிலிருந்து நன்றாக உயர்ந்த மண்மேடு ஒன்று இருக்கிறது. அதுதான் எமது பள்ளிக்கூடம். தோட்டத்து இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் எமக்குப் பந்தய வண்டிகள்.

நிற்கும் முறையை நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சரிவில் கூடையுடன் நின்று கொழுந்து பறிப்பவர்களுக்குக் காலை எப்படி ஊன்றுவது என்று தெரியும். படம் எடுக்கப்போகும் இடத்தை நோக்கிக் கால்களை வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து மட்டும் வண்டி வரும் பக்கம் திரும்ப வேண்டும். வண்டி வரும்போது அதனுடன் அப்படியே திரும்பி வந்து, அழுத்திய பின்னரும் நிறுத்தாமல் தொடர்ந்து திரும்ப வேண்டும். அழுத்தியவுடன் நின்றுவிடுவதுதான் எல்லோரும் செய்த முதல் பிழை.

முதல் நாள் எட்டுப் பேரும் எடுத்த படங்களில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. இரண்டாம் நாள் இரண்டு வந்தன. மூன்றாம் நாள் அந்த அக்கா எடுத்த ஒரு படத்தில், கீரைக் கட்டுகளுடன் போன ஒரு பையனின் முகம் துல்லியமாக விழுந்திருந்தது. பின்னால் இருந்த தேயிலைச் செடிகள் பச்சைக் கோடுகளாக ஓடின. கமராவின் திரையில் அதை வெகுநேரம் பார்த்தவர், "மிஸ், என் படமும் இப்படித்தானே இருக்கு" என்றார்.

அப்போதுதான் பொலித்தீன் உறையை மீண்டும் திறந்தோம். 2003 இல், போர் நிறுத்தக் காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் ஃபிலிம் கமராவில் எடுத்த படம் அது. அக்காவின் கணவர் ஓர் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளில் போகிறார். பனைகள், வேலி, பாதை எல்லாம் இழுபட்டுக் கிடக்கின்றன. அவருடைய முகம் தெளிவாக இருக்கிறது, சிரிக்கிறார். பின்னேர வெளிச்சம் குறைந்ததால் கமரா ஷட்டரைத் தானாக மெதுவாக்கியிருக்க வேண்டும். எடுத்தவர் அவரையே பார்த்துக்கொண்டு கூடவே திரும்பியிருக்க வேண்டும்.

காணாமற்போனவரின் விபரம் கொடுக்கப் போன ஓர் அலுவலகத்தில், "இது கெட்டுப்போன படம், தெளிவானது கொண்டுவாங்கோ" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்களாம். அன்றிலிருந்து அவர் அடையாள அட்டைப் படத்தையே எல்லா இடமும் கொண்டுபோனார். இந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. "அட்டையில இருக்கிறது அவரு மாதிரியே இல்ல மிஸ். இதுதான் அவரு" என்றார். சரிபண்ண வேண்டிய பிழை எதுவும் அந்தப் படத்தில் இருக்கவில்லை. பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். இப்போது அது வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பிழை என்று சொன்னவர்கள்

படம் கலங்கியதற்காகத் திட்டு வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் 1815 இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் பழகத் தொடங்கினார். அவருடைய படங்களில் போக்கஸ் சரியில்லை என்று அக்காலப் படப்பிடிப்பாளர்கள் குறை சொன்னார்கள். அவர் தமது முறையை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று உலகின் பெரிய நூதனசாலைகளில் அவருடைய படங்கள் இருக்கின்றன. 1875 இல் அவர் இலங்கைக்கு வந்து, இங்குள்ள மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879 இல் எமது மலைநாட்டிலேயே காலமானார். அவர் இங்கே எடுத்த படங்கள் பலவற்றில் நிற்பவர்களின் பெயர் எழுதப்படவில்லை என்பதும் எமக்குப் பாடம்தான். எமது குழுவில் யாரைப் படம் எடுத்தாலும் அனுமதி கேட்போம், பெயரை எழுதிக்கொள்வோம், ஒரு பிரதியைக் கொடுப்போம்.

அதே காலத்தில், 1878 இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையின் பாதையில் 12 கமராக்களை வரிசையாக வைத்து, நூல் அறுபடும்போது ஷட்டர் விழும்படி செய்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தைவிட்டு எழும்புகின்றன என்பது அதில் தெளிவானது. அசைவை நிறுத்திப் பார்ப்பதாலும் உண்மை தெரியவரும். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் கூடவே போவது என்று தீர்மானிப்பதற்கே கமராவில் இத்தனை பொத்தான்கள் இருக்கின்றன.

எங்கே நிற்பது?

கமராவைப் பற்றி இவ்வளவு சொன்ன நான் இதைச் சொல்லாமல் விட முடியாது. சில வருடங்கள் நடைபெறாமல் இருந்த ஃபொக்ஸ் ஹில் பந்தயம் 2024 இல் மீண்டும் நடத்தப்பட்டது. ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. ஓடுபாதையை விட்டு விலகிய ஒரு கார் சனத்துக்குள் பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 8 வயதுச் சிறுமியும் ஒருவர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். விடுமுறை கொண்டாடப் போனவர்கள் அவர்கள்.

பந்தயப் படம் எடுப்பவர் கண்ணை ஒரு சிறு துவாரத்தில் வைத்திருக்கிறார். பக்கத்தில் வருவது அவருக்குத் தெரியாது. ஆகவே எமது குழுவின் விதிகள் கண்டிப்பானவை. வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கக் கூடாது. கட்டுப்பாட்டை இழந்த வண்டி அந்தப் பக்கமே போகும். பாய்ச்சல் மேட்டுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. பாதுகாப்பு வேலிக்குப் பின்னால், பாதையைவிட உயரமான இடத்தில் நிற்க வேண்டும். விலகி ஓட ஒரு வழி பின்னால் இருக்க வேண்டும். படம் எடுப்பவருக்குப் பக்கத்தில் கமரா இல்லாத ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது. இப்படி நின்றால் வண்டி சிறியதாகத் தெரியும் என்று ஒருவர் குறைப்பட்டார். தெரியட்டும். பிறகு கணினியில் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

போக மனமில்லாதவர்கள்

வேறொரு விடயமும் உண்டு. அமத்தி இல்லாத இயந்திரங்களின் இரைச்சல் எல்லோருக்கும் வேடிக்கையாக இருப்பதில்லை. எமது குழுவில் ஒருவர் வளைவில் ஒரு வண்டியின் புகைக்குழாய் வெடித்துச் சத்தமிட்டபோது நிலத்தில் குந்திவிட்டார். வாழ்க்கையில் எத்தனையோ சத்தங்களைக் கேட்டவர். அன்று பழகுவதை நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த வாரம் அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார்.

அதேபோல, தியத்தலாவைப் பந்தயத்திடலைப் பற்றிச் சொன்னபோது, இராணுவ இடத்துக்குத் தன்னால் வர முடியாது என்று அந்த அக்கா கூறினார். அவரை நான் வற்புறுத்தவில்லை. அச்சத்தை வென்றுகாட்டு என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு எமக்கு எந்த உரிமையும் இல்லை. பழகுவதற்குப் பந்தயத்திடல் தேவையுமில்லை. வீதி வளைவே எங்களுக்கு எல்லாவற்றையும் கற்றுத் தந்துவிட்டது.

கடந்த புத்தாண்டு விழாவில் எமது தோட்டத்துச் சைக்கிள் ஓட்டப் போட்டியை எடுக்கும் பொறுப்பு எமது குழுவுக்குக் கிடைத்தது. மேட்டில் நின்று மூன்று பேர் எடுத்தார்கள். இருவர் காவல் பார்த்தார்கள். ஓடிய பிள்ளைகளின் பெற்றோர் பிரதி கேட்டு வந்தார்கள். கழுவிய செலவு போக மிஞ்சிய பணம் பெரிதல்ல. அதைக் குழுவின் சேமிப்பில் போட்டோம். அடுத்து ஒரு பாடசாலையிலிருந்து விளையாட்டுப் போட்டிக்குக் கேட்டிருக்கிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு வீதி வளைவு இருக்கும். யாரிடமாவது ஒரு பழைய கமரா இருக்கும். 1/125 இல் வைத்துத் தொடங்குங்கள். முதல் ஐம்பது படங்கள் கலங்கினால் மனம் தளர வேண்டாம். உங்கள் பெட்டியில் கெட்டுப்போனது என்று யாரோ சொன்ன படம் ஏதும் இருந்தால், அதையும் வெளியே எடுத்து இன்னொரு தடவை பாருங்கள்.